விளம்பரம் இல்லாத வீடு

அத்தியாயம் 14

சென்னை ரயிலிலிருந்து ரியாஸ் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு இறங்கியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டு நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். அதில் தங்கம்தான் இருக்கிறது என்று ஒரு வாசகி முடிவே கட்டிவிட்டார். மன்னித்துக்கொள்ளுங்கள், அதில் இருந்தது ஒரு டி.வி.

இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. விருதுநகரில் மிளகாய் வத்தலுக்குக் கமிஷன் கடை வைத்திருக்கிறார் மீரான் மைதீன். மனைவி குல்சார் பேகம். மூத்தவன் முகம்மது ரியாஸுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. இளையவள் மஹ்ரீனை சிவகாசியில் அச்சாபீஸ்களுக்குக் காகிதம் விற்கும் அப்துல் ஹக்கீமுக்குக் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது.

பிள்ளைகள் இரண்டு பேரும் போன பிறகு வீட்டில் மிஞ்சியது கணவன், மனைவி, கேபிள் கனெக்‌ஷன். இன்றைக்கு அந்த மூன்றாவது ஆளையும் வெளியே அனுப்பப் போகிறார்கள்.

காலை பத்து மணிக்கு கேபிள் சங்கிலிமுத்து வந்தார். டி.வி. மேலிருந்த செட்டாப் பாக்ஸைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி, தோள்பையில் போட்டுக்கொண்டார். இருபது வருஷத்துக்கு முன்னால் அந்த ஒயரை மொட்டைமாடி வழியாக வீட்டுக்குள் இழுத்துவிட்டவரும் அவர்தான்.

"கோவிச்சுக்கிடாதீகண்ணே" என்றான் ரியாஸ். "வருசத்துக்கு ரெண்டு தடவ ரேட்ட ஏத்துறீக. இவுக பாக்கிறது ரெண்டு சேனலு. பாக்காத எரநூறு சேனலுக்கும் சேத்துல்ல குடுக்க வேண்டியிருக்கு. அதுபோக போனுக்குத் தனி, நெட்டுக்குத் தனி."

"நாங்களா ஏத்துறோம் தம்பி? சேனல்காரன் ஏத்துறான். வசவு வாங்க நான் தெருவுக்கு வாரேன்" என்றார் சங்கிலிமுத்து. "மொதல்ல டிஷ்ஷுக்குப் போனாக. அப்புறம் சர்க்கார் பாக்ஸுக்குப் போனாக. இப்ப எல்லாரும் நெட்டு. பாய் வீடு மட்டும் நிக்கும்னு நெனச்சிருந்தேன்."

குல்சார் பேகம் டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

"மழைக்கு லைன் போச்சுன்னா ஒடனே எனக்குப் போன் போடுவீகக்கா. இனி எதுக்குப் போடப் போறீக" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

அவள் வாசல்வரை வந்து நின்றாள். மாதத்தில் ஒரு நாள் வந்து, 'நல்லா இருக்கீகளாக்கா' என்று கேட்டுவிட்டுப் போகிற ஒரு ஆள் குறைந்துவிட்டது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

உள்ளே சுவரில் புது டி.வி. மாட்டியாகிவிட்டது. ரியாஸ் ரிமோட்டைக் காட்டினான். பழைய ரிமோட்டில் எண்கள் இருந்தன. இதில் ஒரு வட்டமும் நாலைந்து படங்களும்தான் இருந்தன.

"அத்தா பாக்கிற எட்டரை மணி சீரியல் இங்கன இருக்கும்மா. இதை அமுக்கினா தானா ஓடும். இதுல இன்னொரு விசேஷம் தெரியுமா? வெளம்பரமே வராது. அதுக்குன்னு தனியா வருசத்துக்கும் கட்டியிருக்கேன்."

குல்சார் பேகம் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஒண்ணுமே வராதா?"

"ஒண்ணுகூட வராது."

"எடையில லேசா கூடவா?"

ரியாஸ் சிரித்துவிட்டான். "ஊர்ல எல்லாரும் வெளம்பரம் வேணாம்னு காசு கட்டுறாக. நீங்க ஏம்மா இப்படிக் கேக்கீக?"

மகனிடம் எதைச் சொல்லுவாள்? நமக்குள் இருக்கட்டும், நான் சொல்கிறேன்.

மீரான் மைதீனுக்கும் குல்சார் பேகத்துக்கும் நடுவில் சண்டை கிடையாது. சண்டை போடுகிற வீடு என்றால் நாலு பேர் கூடிச் சமாதானம் பேசிவைக்கலாம். இவர்களிடம் பேசித் தீர்க்க ஒன்றும் இல்லை. பேச்சு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது, அவ்வளவுதான். அவர் விடிந்ததும் கடைக்குப் போவார். மதியம் சோறு கடைக்குப் போய்விடும். இரவுத் தொழுகையான இஷா தொழுதுவிட்டு வீடு வருவார், சாப்பிடுவார், எட்டரைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு டி.வி. முன்னால் உட்காருவார். அவள் கீழே பாயில் உட்காருவாள்.

அரைமணி சீரியலில் மூன்று தடவை விளம்பரம் வரும். அந்த மூன்று தடவைதான் அவர்கள் குடும்பம் நடத்தினார்கள்.

சோப்பு விளம்பரம் ஆரம்பித்ததும் அவர் தொண்டையைச் செருமி, "அப்புறம்?" என்பார். பகலெல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்தி வைத்ததை அவள் சொல்லுவாள். மாடியில் தண்ணீர் ஒழுகுவது, அவர் தங்கை வீட்டு விசேஷம், ரியாஸுக்கு வந்த வரன். நகைக்கடை விளம்பரம் முடிவதற்குள் அவர் ஒரு பதில் சொல்லுவார். சீரியல் திரும்ப ஆரம்பித்துவிட்டால் பாதியில் நின்ற பேச்சு அடுத்த விளம்பரம்வரை காத்திருக்கும். இரண்டு பேருக்குமே அது வித்தியாசமாகப் பட்டதில்லை.

மஹ்ரீன் கல்யாணமும் அப்படி முடிவானதுதான். "மாப்பிள்ளை சிவகாசி" என்று முதல் விளம்பரத்தில் சொன்னார். "அந்த வீட்டுல போய் உக்காந்திருந்தோமே, அவுக ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்த பேசலயே" என்று அவள் இரண்டாவதில் சொன்னாள். "பேசாத மனுசங்கதான் நல்ல மனுசங்க" என்று அவர் மூன்றாவதில் சொன்னார். அதற்குமேல் விளம்பரம் இல்லை. கல்யாணம் முடிவாகிவிட்டது.

மதியம் ரியாஸ் சூலக்கரையில் ஒரு கூட்டாளியைப் பார்க்கக் கிளம்பிப் போனான். அடுப்படியில் இருந்த குல்சார் பேகத்தின் போன் அடித்தது. மஹ்ரீன்.

"சாப்பிட்டீகளாம்மா?"

"இனிமேத்தான். ஏன் கொரலு அடச்சிருக்கு?"

"காச்சல். மூணு நாளாக் கெடந்தேன். இப்பப் பரவால்ல."

"மூணு நாளா? மாப்பிள்ளை டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனாகளா?"

"அவருக்குத் தெரியாதும்மா."

"என்னத்தா சொல்ற? ஒரே ரூம்புல இருக்கீக."

"ஒரே ரூம்புலதான் இருக்கோம். வருவாரு, சாப்பிடுவாரு, காதுல மாட்டிக்கிட்டு போனைப் பாப்பாரு, தூங்கிருவாரு. காலண்டர் சீசன் முடியட்டும் முடியட்டும்னு ரெண்டு சீசன் பாத்துட்டேன். அடிக்க மாட்டாரு, ஏச மாட்டாரு. நல்லவருதாம்மா. அதனாலதான் யார்ட்டயும் சொல்லக்கூட முடியல."

குல்சார் பேகம் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் காலையில நான் அங்கன வந்துரட்டுமாம்மா?"

"ஒன் வீட்டுக்கு வர என்ட்ட என்ன கேக்குற."

"சும்மா ரெண்டு நாளைக்கு இல்லம்மா. அத்தாட்ட நீங்க சொல்லுங்க. அத்தா வான்னு சொன்னாத்தான் வருவேன். வாசல்ல நின்னு திட்டு வாங்க எனக்குத் தெம்பில்ல. அண்ணேங்கிட்ட இப்பச் சொல்லிராதீக, ஒடனே இங்க வந்து சத்தம் போடும்."

"இன்னைக்கு ராத்திரி சொல்லிட்டு ஒனக்குப் போன் போடுறேன். ஆனா மஹ்ரீனு, குடும்பம்னா முன்னப்பின்னத்தான் இருக்கும். நாங்கள்லாம் இல்லயா?"

கேட்டிருக்க வேண்டாம் என்று கேட்ட உடனேயே அவளுக்குத் தோன்றிவிட்டது.

"ஒங்களைப் பாத்துத்தாம்மா எனக்குப் பயமா இருக்கு" என்றாள் மஹ்ரீன். "ஒங்களை மாதிரி முப்பது வருசம் என்னால இருக்க முடியாது."

போனை வைத்த பிறகு குல்சார் பேகம் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. மகள் தன்னை இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு வலித்தது. பாவம் அந்த மனுஷி, அன்றைக்கு மதியம் சாப்பிடவும் இல்லை.

அதே மதியம், கடையில் மீரான் மைதீன் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது சிவகாசி சம்பந்தி படியேறி வந்தார். கூடவே இரண்டு சொந்தக்காரர்கள். ஸலாம் சொல்லி, உட்கார்ந்து, வத்தல் விலை விசாரித்து, அதன் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"மருமக போக்கு சரியில்ல மச்சான். நாளைக்கு ஒங்க வீட்டுக்கு வந்துருவேன்னு என் வீட்டுல சொல்லியிருக்கா. என்ன கொறன்னு கேட்டா, ஹக்கீம் பேச மாட்டேங்கானாம். சீசன் நேரத்துல ஆம்பளைக்கு மூச்சு விட முடியல, இதுல கத பேச எங்க நேரம்?"

மீரான் மைதீன் வத்தல் மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ல பேச்சாகிறக் கூடாது பாருங்க. பிள்ள வந்தா, நல்ல புத்தி சொல்லி, மறு பஸ்ஸுல அனுப்பி வச்சிருவீகல்ல?"

மூன்று பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். விலை பேசிப் பழகிய மனிதர், வேறு எந்த விஷயமாக இருந்தாலும் 'யோசிச்சுச் சொல்றேன்' என்றிருப்பார். வீட்டு விஷயத்தில் அந்த வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

"அனுப்பி வைக்கேன்" என்றார்.

அவர்கள் போன பிறகு போனை எடுத்து வீட்டு எண்ணைத் தேடினார். எடுத்தால் என்ன சொல்லுவது? அவர் மனைவிக்குப் போன் செய்வது 'சோறு குடுத்துவிட்டாச்சா' என்று கேட்பதற்கு மட்டும்தான். இன்றைக்குச் சோறு வந்து, சாப்பிட்டும் ஆகிவிட்டது. போனைச் சட்டைப்பையில் போட்டார். ராத்திரி முதல் விளம்பரத்தில் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டார்.

அவர் விடிந்ததும் கடைக்குக் கிளம்பும்போது அட்டைப்பெட்டி பிரிக்கப்படவே இல்லை; புது டி.வி.யில் விளம்பரம் வராது என்பது அவருக்குத் தெரியாது.

சாயங்காலம் ரியாஸ் சென்னைக்குக் கிளம்பினான். ஆட்டோவில் ஏறியவன் தலையை நீட்டி, "அத்தாகூட உக்காந்து நிம்மதியாப் பாருங்கம்மா. எடையில ஒரு தொந்தரவும் இருக்காது" என்றான். பாசமான பிள்ளை. தன் கையால் என்ன செய்துவிட்டுப் போகிறோம் என்பது அவனுக்குத் தெரியாது.

மீரான் மைதீன் இஷா தொழுதுவிட்டு வந்தார். குல்சார் பேகம் சாப்பாடு வைத்தாள்.

"ஏங்க."

"ம்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்படி நேருக்கு நேர், சத்தமில்லாத வீட்டில், அந்த முகத்தைப் பார்த்துப் பேசி எவ்வளவு காலம் ஆயிற்றோ. அவள் வரிசையாக வைத்திருந்த வார்த்தைகள் கலைந்துவிட்டன.

"கொளம்பு ஊத்தவா?"

"ம்."

விளம்பரம் வராமல் எங்காவது ஒரு டி.வி. இருக்குமா, சின்னப்பயல் ஏதோ சொல்கிறான் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

எட்டரைக்கு ரிமோட்டை எடுத்து மகன் சொன்ன இடத்தில் அமுக்கினாள். சீரியல் ஓட ஆரம்பித்தது. படம் பளிச்சென்று இருந்தது. மீரான் மைதீன் நாற்காலியை ஒரு அடி பின்னால் நகர்த்திக்கொண்டார்.

சீரியலில் மருமகள் திலகா மாமியாரின் அறைக்கதவைத் தட்டினாள். கதவு திறந்தது. உள்ளே யாரைப் பார்த்தாளோ, திலகாவின் முகம் மூன்று தடவை பெரிதாக வந்தது, மேளம் அதிர்ந்தது. வழக்கமாக இந்த இடத்தில்தான் சோப்பு வரும். மீரான் மைதீன் தொண்டையைச் செருமினார். குல்சார் பேகம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

சோப்பு வரவில்லை. திலகா அறைக்குள் போய்விட்டாள்.

"என்ன, வெளம்பரம் வரல?" என்றார் அவர்.

"ரியாஸு ஏதோ பண்ணியிருக்கான்."

இரண்டு பேரும் மறுபடி டி.வி.யைப் பார்த்தார்கள். அடுத்த இடத்தில் வரும் என்று அவர் காத்திருந்தார். அவளும் அப்படித்தான் காத்திருந்தாள். திலகாவின் புருஷன் மாடிப்படியில் தடுக்கி விழுந்தான், மேளம் அதிர்ந்தது, அடுத்த நொடியே ஆஸ்பத்திரி வந்துவிட்டது. அவர் மறுபடியும் செருமினார். அவள் மறுபடியும் திரும்பினாள். யாரும் வாய் திறக்கவில்லை.

எனக்கு அவர்களைப் பார்த்துச் சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது. பேசிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். இத்தனை வருஷம் ஒரே வாசல் வழியாகப் போய்வந்தவர்களுக்கு அந்த வாசலை ஒரே நாளில் அடைத்துவிட்டால், சுவரில் முட்டிக்கொண்டு நிற்கத்தான் தெரியும்.

அரைமணி சீரியல் இருபதே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மீரான் மைதீன் திடுக்கிட்டு கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குள் அடுத்த சீரியல் தானாகவே ஆரம்பித்தது. ஏதோ ஒரு கல்யாண வீடு, நாதஸ்வரம் காதைப் பிளந்தது.

"அதை நிறுத்துங்க" என்றாள் குல்சார் பேகம்.

"எப்படி நிறுத்த? ஒனக்குத்தான சொல்லிக் குடுத்தான்."

"எனக்கு ஓட வைக்கத்தான் தெரியும்."

நாதஸ்வரத்தோடு தவிலும் சேர்ந்துகொண்டது. அந்தச் சத்தத்தில்தான் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தார்கள்.

"மஹ்ரீன் போன் பண்ணினா."

"சம்பந்தி கடைக்கு வந்தாரு."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எதுக்கு வந்தாரு?" டி.வி.க்கு மேலே கேட்க வேண்டும் என்பதற்காக அவள் குரலை உயர்த்தினாள்.

"நாளைக்கு மஹ்ரீன் வருவாளாம். வந்தா திருப்பி அனுப்பி வைக்கணும்னாரு. சரின்னுட்டேன்."

"சரின்னுட்டீகளா?"

"ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்து மொகத்துக்கு நேரா கேக்காரு. வேற என்ன சொல்ல?"

"என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

"கேக்கணும்னுதான் நெனச்சிட்டு வந்தேன்." அவரும் சத்தமாகத்தான் பேசினார். "எப்பக் கேக்க? வெளம்பரமே வரலயே."

அவர் சாக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே அதைத்தான் நினைத்தார். குல்சார் பேகத்துக்கு வந்த கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. அவளிடமும் அதே காரணம்தான் இருந்தது. மத்தியானத்திலிருந்து ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கையில் வைத்துக்கொண்டு, அவளும் ஒரு சோப்பு விளம்பரத்துக்காகத்தான் காத்திருந்தாள்.

"அந்தப் பிள்ளை மூணு நாள் காச்சல்ல கெடந்திருக்கு" என்றாள். "பக்கத்துல படுத்திருக்க மனுசனுக்குத் தெரியல."

"அதெப்படித் தெரியாமப் போகும்?"

"போன வருசம் எனக்கு முட்டி வீங்கி மாடியேற முடியாமக் கெடந்தேனே. ஒங்களுக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?"

சென்னையிலிருந்து ரியாஸ் போனில், 'அம்மாவுக்குக் கால் எப்படி இருக்குத்தா' என்று கேட்டபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அது இரண்டு பேருக்குமே ஞாபகம் இருந்தது.

"அவ என்ன சொன்னா தெரியுமா? ஒங்களை மாதிரி என்னால இருக்க முடியாதும்மான்னா."

"நம்மளையா?"

"நம்மளத்தான்."

மீரான் மைதீன் டி.வி.யைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "நாம நல்லாத்தான இருக்கோம்" என்றார்.

குல்சார் பேகம் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்கு விளங்கியிருக்கும். அவள் அவரையே பார்த்தாள், அதைத் தாங்க முடியாமல் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வாக்கு நீங்க குடுத்தது" என்றாள் அவள். "நாளைக்கு அவ வந்தா கதவைத் தெறக்கிறது நான்."

"நான் தெறக்க வேணாம்னா சொன்னேன்?"

"அதை அவட்ட சொல்லுங்க. அவளுக்குத் தெரியாது. நீங்க வான்னு சொன்னாத்தான் வருவேன்னு ஒக்காந்திருக்கா."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் சட்டைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். அம்மாவின் போனுக்குக் காத்திருந்து காத்திருந்து பொறுக்க முடியாமல், அத்தாவுக்கே அடித்துவிட்டாள் மஹ்ரீன்.

"மஹ்ரீன்தான்" என்றார்.

"எடுங்க."

"இந்தச் சத்தத்துல என்ன கேக்கும்? மொதல்ல இதைக் கொறை."

இரண்டு பேரும் ரிமோட்டின் மேல் பாய்ந்தார்கள். அவர் ஒன்றை அமுக்க, நாதஸ்வரம் இன்னும் கூடியது. அவள் பிடுங்கி வேறொன்றை அமுக்க, தாலி கட்டுகிற இடம் முதலிலிருந்து திரும்ப ஓடியது. அடுப்படிக்கோ வாசலுக்கோ போனை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். டி.வி.யின் பிளக்கைப் பிடுங்கியிருக்கலாம். பதற்றத்தில் அது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. கடைசியில் ஏதோ ஒரு பொத்தானில் சத்தம் மொத்தமாக நின்றது.

அதற்குள் போனும் நின்றிருந்தது.

திரையில் கல்யாணக் கூட்டம் வாயசைத்துக்கொண்டிருந்தது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"கூப்பிடுங்க" என்றாள் குல்சார் பேகம்.

அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "என்ன சொல்ல, குல்சாரு?"

அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

"வான்னு சொல்லுங்க. அது போதும்."

"சம்பந்தி கேட்டா?"

"கேக்கட்டும். நானும் பக்கத்துல நிக்கேன்."

அவர் மகளின் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். போன் திரை அணைந்தது. விரலால் தொட்டு எழுப்பினார். மறுபடியும் அணைந்தது. மறுபடியும் எழுப்பினார். ஊரில் எத்தனையோ வியாபாரிகளிடம் சரளமாகப் பேசுகிற அந்த மனிதருக்கு, ஒரே ஒரு வார்த்தையைப் பெற்ற பிள்ளையிடம் சொல்ல இத்தனை நேரம் ஆயிற்று. கடைசியில் அழுத்திவிட்டார். அழுத்தியதும் போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை மறந்துவிடக் கூடாது என்பதுபோல, "வா ஆத்தா, வா ஆத்தா" என்று முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார்.

சிவகாசியில் மஹ்ரீன் தன் போனை ஏற்கெனவே அணைத்துவிட்டிருந்தாள்.

மணி முழுவதும் அடித்து ஓய்ந்தும் அத்தா எடுக்கவில்லை. அம்மாவும் கூப்பிடவில்லை. அப்படியானால் வர வேண்டாம் என்றுதான் அர்த்தம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். கட்டிலின் மறுபக்கம் ஹக்கீம் காதில் இயர்போனோடு எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நாளைக்கென்று பையில் எடுத்து வைத்திருந்த துணிகளை அவள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். மடிப்புக் கலையாமல் அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள்.

என்ன செய்கிறாய் என்று அவன் கேட்பான் என்று கடைசித் துணிவரைக்கும் பார்த்தாள். அவன் கேட்கவில்லை.